மூன்று விழுக்காடு

பத்தாங் பெர்ஜுந்தாயில் நில ஏஜெண்டு என்று ஒருவரும் கிடையாது. எல்லாரும் "சும்மா கேட்டுச் சொல்றவங்க". கோப்பிக் கடையில் உட்கார்ந்து, "எங்கயாவது காலி நிலம் இருக்கா?" என்று காற்றைப் பார்த்துக் கேட்டால் போதும். ரொட்டி சானாய் வீசுகிறவர், முடி வெட்டுகிறவர், கோயில் செயலவைப் பொருளாளர், அவருடைய மாப்பிள்ளை என்று நாலு பக்கமிருந்தும் நிலம் வந்து குவியும். எல்லாருக்கும் ஒரே முன்னுரைதான்: "நான் ஏஜெண்டு இல்ல. எனக்கு ஒரு சென் வேணாம்." வேண்டாத அந்த சென் மொத்தம் எவ்வளவு என்பதைப் பிறகு அவர்களே சொல்வார்கள்.

2007இல் அரசாங்கம் ஊர்ப்பெயரை பெஸ்தாரி ஜெயா என்று மாற்றியது. பலகைகள் மாறின. கோப்பிக் கடையில் இன்னும் பத்தாங்தான்.

சட்டப்படி பார்த்தால் நில ஏஜெண்டு ரொம்ப ஒழுங்கான ஆசாமி. 1981இல் வந்த ஒரு சட்டம் அவரைப் பதிவு செய்யச் சொல்கிறது; அவருக்குக் கீழே வேலை பார்க்கிறவர் கழுத்தில் சிவப்பு அட்டை தொங்கவேண்டும்; கமிஷன் 3 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. அந்த மூன்றையும் வழக்கமாகக் கொடுப்பவர் விற்கிறவர். வாங்குகிறவருக்கும் அதற்கும் நேரடித் தொடர்பே இல்லை. இதை நான் வீட்டில் எடுத்துச் சொன்னேன்.

"அவரு எங்கேருந்து குடுப்பாரு? நம்ம குடுக்குற காசுலேருந்துதானே?" என்றாள் வீட்டுக்காரி.

மலாயாப் பல்கலைக்கழகத்துப் பொருளாதாரப் பேராசிரியர்கள் யாராவது இதற்குப் பதில் வைத்திருக்கலாம். செம்பனை ஆலையில் லாரி எடை பார்க்கிற என்னிடம் இல்லை. மூன்று லட்சம் வெள்ளிக்குள் ஒரு நிலம், ஏஜெண்டு இல்லாமல், என்று குடும்பத்தில் முடிவாயிற்று. மூன்று லட்சத்தில் 3 விழுக்காடு 9,000. அவள் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, முதல் பக்கத்தில் "மிச்சம்: 9,000" என்று எழுதி அடிக்கோடிட்டாள். நிலம் வரவில்லை, மிச்சம் வந்துவிட்டது.

ஏஜெண்டு நமக்கு என்ன புதியவரா? எங்கள் பாட்டனாரை இந்தச் சீமைக்குக் கொண்டுவந்ததே ஒரு ஏஜெண்டுதான். அவருக்குக் கங்காணி என்று பெயர். ஊருக்குத் திரும்பிப் போய், நல்ல வேட்டி கட்டிக்கொண்டு, தலைக்கு இவ்வளவு என்று தோட்டத்தில் பேசிவைத்த காசுக்கு ஆள் பிடித்து வந்தவர். விளம்பரத்தில் அவர் ஒரு குறையும் வைக்கவில்லை என்று பாட்டி சொல்வார்: வேலை உண்டு, அரிசி உண்டு, குடியிருக்க வீடு உண்டு. வீடு யாருடையது என்று இவர்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சொல்லாமல் விடுகிற கலை இந்தத் தொழிலில் அப்போதே முற்றிப்போயிருந்தது. 1938இல் இந்திய அரசாங்கம் மலாயாவுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியதும் கங்காணி வியாபாரம் படுத்தது. அதற்குள் நாங்கள் வந்து சேர்ந்துவிட்டோம்.

வந்து சேர்ந்த இடமும் சாதாரண இடமில்லை. ஹென்றி போக்கோன்யே என்ற பிரெஞ்சுக்காரர் 1917இல் இந்த நாட்டிலேயே முதன்முதலாக வியாபாரத்துக்கென்று செம்பனை நட்டது இங்கே தென்னமரம் தோட்டத்தில்தான். அவர் பிறகு துனீசியாவுக்குப் போய் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி, 1930இல் கோன்கூர் பரிசும் வாங்கினார். செம்பனை உலகம் முழுக்கப் போயிற்று. லயத்து வீட்டில் இருந்த எங்கள் ஆட்கள் மூன்று தலைமுறையாகப் போனது பெரட்டுக் களம் வரைக்கும்தான். பால் வெட்டி ஓய்ந்த அன்றைக்கு அப்பா செய்த கடைசித் தோட்ட வேலை, வீட்டுச் சாவியை ஆபீசில் திருப்பிக் கொடுத்தது. அதனால் நிலம் என்ற சொல் எங்கள் வீட்டில் விழுந்தால், அடுப்பில் பால் பொங்கினால்கூட யாரும் எழுந்து போகமாட்டார்கள்.

ஆனால் ஒருமுறை, ஒரே ஒருமுறை, எங்கள் ஆட்கள் புரோக்கரைத் தாண்டிப் போனார்கள். ஐம்பதுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் மூட்டை கட்ட ஆரம்பித்தன. தோட்டங்களை மொத்தமாக வாங்கிய கூட்டாளிகள், துண்டு துண்டாக வெட்டிச் சில்லறையில் விற்றார்கள். துண்டாடல் என்று அதற்குப் பெயர். தோட்டம் துண்டானால் லயம் காலி, வேலை காலி. அப்போது அமைச்சராகவும் ம.இ.கா. தலைவராகவும் இருந்த துன் வீ.தி. சம்பந்தன், தோட்டம் தோட்டமாகப் போய் ஒரு யோசனை சொன்னார்: விற்பதை நிறுத்த முடியாது, நாமே வாங்கிவிடலாம். 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. மாதம் பத்து வெள்ளி. நூறு வெள்ளி சேர்ந்தால் ஒரு பங்கு. நாள் கூலி சில வெள்ளியாக இருந்த காலம் அது. அந்தப் பத்துப் பத்தாகச் சேர்ந்த காசில் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை முதலில் வாங்கினார்கள்; பிறகு வேறு தோட்டங்களும் வந்தன. அப்பாவும் பத்து வெள்ளி கட்டினார். அம்மா அதை மீன் வாங்காத நாள்களாகக் கணக்கு வைத்திருந்தார்.

ஏஜெண்டு இல்லாமல் நிலம் வாங்கினோம் என்று மார்தட்டுகிறவர்கள், அந்தத் தொழிலாளிகளுக்குப் பின்னால் வரிசையில் நிற்கவேண்டும். 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்ட நிலத்தைக் கைமாற்ற ஒரு வாரியத்தின் அனுமதி வேண்டும் என்று நிலச்சட்டத்தில் 214ஏ பிரிவும் பிற்பாடு நுழைந்தது. துண்டாடல் ஒரு ஆட்டம் ஆடி முடித்தபிறகு வந்த பிரிவு. சட்டமும் சில சமயம் எங்கள் ஊர் பஸ் மாதிரி. வரும், ஆனால் நாம் நடந்தே போய்ச் சேர்ந்த பிறகு வரும்.

சரி, என் நிலத்துக்கு வருகிறேன்.

சும்மா கேட்டுச் சொல்றவர்கள் முதலில் காட்டிய நிலங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்று நல்ல மலிவு. விசாரித்தால் ரிசாப் மெலாயு. 1913இலிருந்து சட்டம் போட்டு மலாய்க்காரர்களுக்கென்று ஒதுக்கிய நிலம், நாம் தலைகீழாக நின்றாலும் நம் பெயருக்கு மாறாது. "அதெல்லாம் பேசிக்கலாம் அண்ணே" என்றார் காட்டியவர். யாரோடு என்று சொல்லவில்லை. இன்னொன்று டி.ஓ.எல். நிலம்: அரசாங்க நிலத்தில் குடியிருக்க வருஷத்துக்கு வருஷம் கொடுக்கிற தற்காலிக லைசென்ஸ். டிசம்பர் 31 வந்தால் காலாவதி, கைமாற்ற முடியாது, லைசென்ஸ்காரர் கண்ணை மூடினால் அதுவும் கண்ணை மூடும். அதை ஒருவர் "கிராண்ட் மாதிரியே", அதாவது நிலப் பட்டா மாதிரியே, என்று சொல்லி விற்க வந்தார். மூன்றாவதாக வந்ததில் கிராண்ட் சுத்தமான கிராண்ட்தான், ஆனால் ஒரே கிராண்டில் ஒரு கல்யாண மண்டபத்தை நிரப்புகிற அளவுக்குப் பெயர்கள். "ஒங்க பேரையும் கடைசில சேத்துடலாம்" என்றார்கள். மொய் எழுதுகிற நோட்டில் சேர்க்கிற தோரணை.

அப்புறம்தான் அந்தப் பலகையைப் பார்த்தேன். சாலையோரம், லாலாங் புல்லுக்கு நடுவில், மலாயில் பெரிய எழுத்து: நிலம் விற்பனைக்கு. அதற்குக் கீழே: சொந்தக்காரரே நேரடியாக. அதற்கும் கீழே, மூன்று ஆச்சரியக்குறிகளோடு: ஏஜெண்டுகள் வேண்டாம். போன் அடித்தேன். எடுத்தவர் சொந்தக்காரர் இல்லை. சொந்தக்காரருடைய அண்ணன் மகன். "நான் ஏஜெண்டு இல்லண்ணே, பெரியவருக்குக் காது கேக்காது, அதான்" என்றார். பெரியவருக்குக் காது நன்றாகக் கேட்டது. விலை பேசும்போது மட்டும் ஒரு காது போய்விடும்.

சொந்தக்காரர் பழைய தோட்டத்துக் கிராணி. எண்பதை நெருங்கிய வயசிலும் சட்டைப்பையில் இரண்டு பேனா. அவருடைய அப்பா மண்டோர். அறுபதுகளின் துண்டாடலில் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஒரு ஏக்கர் வாங்கிப் போட்டவர். பேரம் இப்படி நடந்தது:

"தம்பி, ஏஜெண்டு வெச்சிருந்தா மூணு லட்சத்துப் பத்தாயிரம் சொல்லியிருப்பேன். ஏஜெண்டு இல்ல. அதனால ஒங்களுக்கு மூணு லட்சம்."

"ஏஜெண்டு இல்லாததால ஒங்களுக்கு ஒம்பதாயிரம் மிச்சமாச்சே ஐயா. அதைக் கழிச்சுக்கலாமே?"

"அதைத்தான் கழிச்சுட்டேனே."

"அது பத்தாயிரம் ஏத்திட்டுக் கழிச்சது."

"ஏத்தாம எப்படித் தம்பி கழிக்கிறது?"

கிராணி வேலையில் நாற்பது வருஷம் இருந்தவரிடம் கணக்குப் பேசக்கூடாது. ஒரே ஒன்பதாயிரத்தை அவரும் மிச்சம் பிடித்திருந்தார், நாங்களும் மிச்சம் பிடித்திருந்தோம். இரண்டு குடும்பம் ஒரே காசைச் சேமிக்கிற அதிசயம், ஏஜெண்டு இல்லாத வியாபாரத்தில் மட்டும்தான் நடக்கும். வாங்குகிறவர் அதை விலையில் தேடுகிறார். விற்கிறவர் அதை ஏற்கெனவே பையில் போட்டாயிற்று என்று நினைக்கிறார். ஏஜெண்டு இருந்திருந்தால் அவர் அதை எடுத்துக்கொண்டு போயிருப்பார், எங்கள் இருவருக்கும் பொதுவாகத் திட்ட ஒரு ஆள் கிடைத்திருப்பார்.

நிலத்தைப் பார்க்க மச்சானையும் கூட்டிப்போனேன். மச்சான் கட்டடக் குத்தகை வேலை பார்க்கிறவர். எங்கே போனாலும் ஒரு நீளக் கம்பியோடு போவார். முன்பக்கம், சாலையோரம், கம்பி இரண்டடிக்கு மேல் இறங்க மறுத்தது. நல்ல செம்மண். பின்பக்கம் போய்க் குத்தினார். கம்பி போய்க்கொண்டே இருந்தது. இந்த வட்டாரத்துக்காரர்களுக்குப் புரியும். ராஜா மூசா காட்டுப் பக்கம் முழுக்கக் கரிச் சதுப்பு. வெயில் காலத்தில் மண்ணே தீப்பிடித்துப் புகையும், மழைக்காலத்தில் மாடு இறங்கினால் கயிறு போட்டுத்தான் இழுக்கவேண்டும். அந்தச் சதுப்பின் வால் ஒன்று ஐயாவின் நிலத்துக்குள்ளும் நீண்டிருந்தது.

"பாதி கல்லு, பாதி களி" என்று மச்சான் தீர்ப்புச் சொன்னார். "வீட்ட முன்னால கட்டு. பின்னால வாழை போடு. வாழையும் தலையச் சாய்ச்சா கேக்காத."

விவசாய நிலத்தில் வீடு கட்டலாமா என்று கேட்பவர்களுக்கு: சொந்தக்காரர் குடியிருக்க நிலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குள் கட்டிக்கொள்ள நிலச்சட்டம் இடம் கொடுக்கிறது. பிளான் பாஸ் செய்வது நகராண்மைக் கழகத்தோடு நடத்தவேண்டிய தனிக் குடித்தனம்.

பின்வேலிக்கு அப்பால் ஒரு பெரிய குட்டை. "லேக் வியூ" என்றார் ஐயா, பேனாவால் சுட்டிக்காட்டி. எங்கள் ஊரில் தண்ணீர் நிற்கிற பள்ளமெல்லாம் ஒரு காலத்தில் ஈயம். பெர்ஜுந்தாய் ஈயக் கம்பெனியின் ராட்சசக் கப்பல்கள் தரையைத் தோண்டித் தோண்டி, தோண்டிய பள்ளத்திலேயே மிதந்துகொண்டு போனவை. 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை ஒரே நாளில் கவிழ்ந்தது. அதற்குப் பிறகு கப்பல்கள் ஓய, குட்டைகள் நின்றன. ஆனால் இளப்பமாகப் பேச முடியாது. 2014இல் சிலாங்கூர் முழுக்கத் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது, இங்கேயிருந்த குட்டைத் தண்ணீரை ஆற்றுக்கு இறைத்துத்தான் சமாளித்தார்கள். கோலாலம்பூர்க்காரர்கள் அந்த வருஷம் குடித்ததில் எங்கள் லேக் வியூவும் கொஞ்சம் கலந்திருக்கும்.

வாய்ப் பேச்சு போதும் என்று கோலசிலாங்கூர் லேண்ட் ஆபீசில் தேடல் போட்டேன். சாரியான் என்பார்கள். ஒரு சின்னக் கட்டணம், ஒரு காகிதம். இந்த நடைமுறைக்குப் பின்னால் ராபர்ட் டோரன்ஸ் என்றொருவர் இருக்கிறார். அடிலெய்டில் சுங்க இலாகா அதிகாரியாக இருந்தவர். கப்பல் யாருடையது என்பதை ஒரு பதிவேட்டைப் பார்த்தே சொல்ல முடிகிறதே, நிலத்துக்கு மட்டும் ஏன் பெட்டி பெட்டியாகப் பத்திரம் என்று கேட்டு, 1858இல் தென் ஆஸ்திரேலியாவில் அதைச் சட்டமாக்கினார். சிலாங்கூருக்கு அந்த முறை 1891லேயே வந்துவிட்டது. 1966 முதல் தீபகற்பம் முழுக்க ஒரே நிலச்சட்டம். அதன்படி, பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர் சொந்தக்காரர். பலகையில் எழுதியிருக்கிறவர் இல்லை, கோப்பிக் கடையில் சொல்கிறவர் இல்லை, "எனக்கு நல்லாத் தெரியும்" என்கிறவர் நிச்சயமாக இல்லை. இந்த ஊரில் ஒரு சென் கமிஷன் கேட்காமல் முழு உண்மையைச் சொன்னது அந்தக் காகிதம் ஒன்றுதான்.

அது சொன்ன உண்மை: சொந்தக்காரர் இரண்டு பேர். ஐயாவுக்குப் பாதி, இன்னொரு பெண்மணிக்குப் பாதி.

"ஓ, அதுவா" என்றார் ஐயா. "என் தங்கச்சி. கிள்ளான்ல இருக்கா. அவ ஒண்ணும் சொல்ல மாட்டா."

"எப்பக் கேட்டீங்க?"

"நாங்க பேசுறதில்ல."

சண்டை, ஐயா மகன் கல்யாணப் பத்திரிகையில் தங்கை வீட்டுக்காரர் பெயர் விடுபட்டுப்போனதில் ஆரம்பித்தது. அச்சுக்காரர் தவறு என்று இந்தப் பக்கம் சொல்கிறார்கள். அச்சுக்காரருக்கு எங்கள் வீட்டுக்காரர் பெயர் மட்டும் எப்படி மறக்கும் என்று அந்தப் பக்கம் கேட்கிறார்கள். அந்தக் கல்யாணத்துப் பிள்ளைக்கு இப்போது பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள். "சொந்தக்காரரே நேரடியாக" என்ற பலகையில் பாதிச் சொந்தக்காரர்தான் நேரடி. மீதிப் பாதி கிள்ளானில் கோபமாக இருந்தார்.

கிள்ளானுக்கு யார் போவது? அண்ணன் மகனுக்கு, ஏஜெண்டு இல்லாதவருக்கு, அன்றைக்குப் பார்த்து முதுகு வலி. நான் போனேன்.

"அண்ணன் அனுப்பிச்சாரா?" என்று கேட்டுக்கொண்டே கதவைப் பாதி திறந்தார் அந்த அம்மா.

"இல்லம்மா, நானாத்தான் வந்தேன்."

"அப்ப நீங்க ஏஜெண்டா?"

இல்லை என்று சொல்லி முடிப்பதற்குள் தே தண்ணியும் முறுக்கும் வந்துவிட்டன. விற்பதில் அவருக்கு மறுப்பில்லை. விலையிலும் மறுப்பில்லை. ஒரே ஒரு சங்கதி: அண்ணன் வாயால் வந்து கேட்கவேண்டும். இதைப் பத்தாங்கில் போய்ச் சொன்னேன். "இத்தன வருஷமா நிலவரி கட்டினது யாருன்னு கேளுங்க தம்பி" என்றார் ஐயா, ரசீதுக் கட்டை எடுத்து என் மடியில் வைத்து. எல்லாம் வருஷவாரியாக அடுக்கி, நூல் போட்டுக் கட்டியது. அதைக் கிள்ளானில் போய்ச் சொன்னேன். "அந்த நிலத்து ரம்புத்தானும் டுரியானும் இத்தன வருஷமா யாரு சாப்பிட்டாங்கன்னு கேளுங்க" என்றார் அந்த அம்மா. இதைத் திருப்பி பத்தாங்கில். "டுரியான் மரம் காய்ச்சதே இல்ல!" "காய்க்காம என்ன? மூட்டை மூட்டையா வந்துச்சுன்னு எனக்கு ஆள் சொல்லியிருக்கு!" அந்த ஆளும் ஏஜெண்டு இல்லாதவராகத்தான் இருப்பார்.

கிள்ளான் சாலையில் காடி ஓட்டிக்கொண்டிருந்தபோதுதான் என் நிலைமை எனக்கு உறைத்தது. விற்கிறவர்களிடையே தூது போகிறேன். விலை பேசுகிறேன். பத்திரம் காட்டுகிறேன். இரண்டு பக்கமும் தே தண்ணி குடிக்கிறேன். இதற்குத் தமிழில் ஒரே பெயர்தான். 1981ஆம் வருஷச் சட்டப்படி பதிவு இல்லாமல் இந்த வேலையைச் செய்வது குற்றம். கழுத்தில் சிவப்பு அட்டை இல்லாத ஏஜெண்டாக, என் நிலத்துக்கு நானே அலைந்துகொண்டிருந்தேன், கமிஷனும் இல்லை.

சமாதானம் டுரியானால் வரவில்லை. அந்த அம்மாவின் பேரப்பிள்ளைக்குக் காது குத்து. பத்திரிகை அடித்ததும் முதல் பத்திரிகையை என் கையில் கொடுத்தார், ஐயாவிடம் கொடுக்கச் சொல்லி. அதில் தாய்மாமன் வரிசைக்கும் மேலே ஐயாவின் பெயர், முழுப் பெயர், "ஓய்வுபெற்ற தலைமைக் கிராணி" என்ற பட்டத்தோடு. ஐயா அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டும் படித்தார். தட்டு வரிசையோடு போனார். நானும் போனேன், ஏழு தட்டில் ஒரு தட்டு என் தலையில். அண்ணனும் தங்கையும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழுதார்கள். நல்ல சாப்பாடு.

அடுத்த வாரம் ஐயா கூப்பிட்டார்.

"தம்பி, விக்க வேணாம்னு தோணுது. அப்பா வாங்கின நிலம். தங்கச்சியும் வந்துட்டா."

தங்கச்சி வந்ததற்குக் காரணமே நான்தான் என்பதை எந்த வார்த்தையில் சொல்வது? பத்திர வேலைக்குப் பேசிவைத்திருந்த லோயர் அம்மாவிடம் ஓடினேன். அவர் தங்கச்சிக்குப் போன் போட்டார். தங்கச்சி தெளிவாக இருந்தார்: அண்ணன் மேல் பாசம் வேறு, மூத்த பேரன் காலேஜ் பீஸ் வேறு, தன் பாதியை விற்கத்தான் போகிறார். ஐயாவையும் என்னையும் எதிரில் உட்காரவைத்து லோயர் அம்மா விளக்கினார். பாதிப் பங்கு விற்கலாம், வாங்கலாம், சட்டத்தில் தடையில்லை. ஆனால் நிலத்தைப் பிரிக்க முடியாது. விவசாய நிலத்தை ஐந்தில் இரண்டு ஹெக்டேருக்குக் கீழே துண்டு போட நிலச்சட்டம் விடாது. அது கிட்டத்தட்ட ஒரு ஏக்கர், இவர்களிடம் இருப்பதே ஒரு ஏக்கர்.

"அப்ப எனக்கு எந்தப் பாதி?" என்று கேட்டேன். கல் எங்கே, களி எங்கே என்று மச்சானின் கம்பி என் கண்முன் நின்றது.

"எல்லா இடத்துலயும் பாதி" என்றார் லோயர் அம்மா. "ஒவ்வொரு அடியிலயும் ஒங்களுக்குப் பாதி, ஐயாவுக்குப் பாதி. எந்தப் பக்கம்னு கேக்கவே கூடாது."

ஐயா பேனாவை மூடினார்.

"அப்ப இந்தத் தம்பி எனக்குப் பங்காளியா?"

"சட்டப்படி கூட்டுச் சொந்தக்காரர்."

"தினம் வருவாரா?"

"வரலாம். நிலம் அவருடையதும்தானே."

ஐயா என்னைப் பார்த்தார். நிலவரி ரசீது, டுரியான் விசாரணை, கிள்ளான் தூது எல்லாம் அவர் முகத்தில் ஒரு சுற்று வந்துபோயின. "முழுசையும் வித்துடலாம்" என்றார். என் வாழ்க்கையில் என் முகராசியால் முடிந்த ஒரே வியாபாரம் அது.

கையெழுத்து நாளிலும் ஒரு களேபரம். மறுவிற்பனை லாபவரிக்காக விலையில் 3 விழுக்காட்டை வாங்குகிறவர் பக்கம் பிடித்து வருமானவரி வாரியத்துக்குக் கட்டுகிற வழக்கம் உண்டு என்று லோயர் அம்மா வாய் திறந்தார். "மூணு விழுக்காடு" என்ற சொல் காதில் விழுந்ததும் ஐயா எழுந்து நின்றுவிட்டார். "பாத்தியா! ஏஜெண்டு இல்ல, இல்லன்னு சொல்லி, கடைசியில ஒளிச்சு வெச்சிருக்கீங்க!" தங்கச்சியும் எழுந்தார். இப்போதுதான் ராசியான அண்ணன் தங்கை, சேர்ந்தே எழுந்தார்கள். குடிமகனாக இருந்து ஐந்து வருஷத்துக்கு மேல் வைத்திருந்த நிலத்தை விற்றால் 2022 முதல் அந்த வரி இல்லை, அதற்கான பாரத்தைக் கொடுத்தால் பிடிக்கவும் வேண்டாம் என்று லோயர் அம்மா மூன்று முறை சொன்னபிறகு உட்கார்ந்தார்கள். பெயர் மாற்றுகிற பாரம் 14ஏயில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். ஐயா இரண்டு பேனாவில் எது நல்லது என்று எழுதிப் பார்த்துவிட்டுப் போட்டார். கிராண்ட் என் பேருக்கு மாறும்வரை ஒரு கவியட்டும் போடச் சொன்னார் லோயர் அம்மா. சும்மா கேட்டுச் சொல்றவர்கள் இடையில் வேறு யாருக்காவது கேட்டுச் சொல்லிவிடாமல் இருக்க.

படியிறங்கும்போது அந்த அம்மா என் கையில் ஒரு சின்ன உறையை வைத்தார். மஞ்சள் தடவிய உறை. "அலைஞ்சீங்களே, வெச்சுக்கங்க." உள்ளே ஐம்பது வெள்ளி. பதிவு இல்லாத ஏஜெண்டு கமிஷன் வாங்குவதைப் பார்க்காமல் இருப்பதற்காக லோயர் அம்மா மின்விசிறியைப் பார்த்தார்.

அன்று ராத்திரி வீட்டுக்காரி நோட்டை எடுத்தாள். மிச்சம் 9,000. முத்திரை வரி, முதல் லட்சத்துக்கு 1 விழுக்காடு, மீதி இரண்டு லட்சத்துக்கு 2 விழுக்காடு: 5,000. லோயர் பீஸ் ஒன்றேகால் விழுக்காடு: 3,750. அதன்மேல் சேவை வரி 8 விழுக்காடு: 300. கழித்துப் பார்த்தாள். 50 வெள்ளி இடித்தது. அந்த உறையைப் பிரித்து, "கமிஷன் வரவு: 50" என்று எழுதி, கூட்டி, பூஜ்யத்துக்கு அடிக்கோடிட்டாள்.

"கிள்ளானுக்குப் போய் வந்த பெட்ரோலு? ரெண்டு பக்கமும் வாங்கிக் குடுத்த பழம், பலகாரம், கோப்பிக் கடைச் செலவு? அதெல்லாம் எழுதலையா?"

"நெலம் வாங்கின கணக்குல தீனிக் கணக்கெல்லாம் எழுதுவாங்களா?" என்று நோட்டை மூடினாள். "அது நீங்க குடிச்சது."